எஞ்சினுக்குள் மஞ்சள் அரிசி

பெட்டிகள் வந்து இறங்கிய கிழமை எனக்கு வாகனம் ஓட்டத் தடை வந்திருந்தது.

பெரிய பெட்டி ஒன்று, சின்னது இரண்டு. லொறிக்காரன் கராஜ் வாசலில் இறக்கினான். பெரியதைத் தூக்க ஏலாமல் தள்ளுவண்டிலில் வைத்துத் தள்ளினான். உள்ளே என்ன என்று கேட்டான். காற்று ஊதுகிற மெஷின் என்றேன். வீடு சூடாக்க என்று நினைத்திருப்பான். நல்லது, குளிர் வரப்போகுது என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் சொன்னது பொய் இல்லை. சூப்பர்சார்ஜர் என்றால் அதுதான். எஞ்சினுக்கு மேலே உட்காரும். எஞ்சினே பெல்ட் போட்டு அதைச் சுற்றும். அது காற்றை இறுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடச் செல்லும், பலம் கூடும். வேறொன்றும் இல்லை.

கார் அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். கையால் கியர் மாற்றுவது. ஒஸ்லோவுக்குக் கிட்ட, லில்லெஸ்ட்ரோமில் ஒருவர் பிள்ளை பிறந்த கையோடு விற்றார், நான் வாங்கினேன். பிள்ளை வளர்ந்து வெளிக்கிட்ட வீடு எங்களுடையது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பிடித்ததற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓடியவள். அதற்கு முன் டிப்போவில் பஸ் கழுவினேன். பிறகு அங்கேயே மெக்கானிக்குகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் நான். புத்தகம் பார்த்துப் படித்ததில்லை. அவர்கள் கை போகிற இடத்தைப் பார்த்துப் பழகினேன். பிறகு பஸ் லைசென்ஸ் எடுத்தேன். எடுத்த நாளில் இருந்து அதே தடம். ஏற்றம், பள்ளிக்கூடம், வளைவு, கடைசியில் காடு. காட்டோரத்தில் பஸ் சுற்றித் திரும்புகிற வட்டம். அங்கே பஸ்ஸைத் தவிர வேறு வாகனம் நுழையக் கூடாது. பலகை போட்டிருக்கிறது.

அந்த வட்டத்தில்தான் விழுந்தேன்.

கந்தசஷ்டி நேரம். என் கணவர் விரதம். இவர் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரர். நாள் முழுக்க மற்றவர்களுக்கு இறைச்சி அவித்துக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் பாலும் பழமும் சாப்பிடுவார். எனக்கு விரதத்தில் பெரிய பிடிப்பு இல்லை. என் ஒருத்திக்காக மட்டும் அடுப்பு மூட்டுவது அலுப்பு. அதனால் நானும் வெறும் தேத்தண்ணியோடு வேலைக்குப் போனேன். கடைசித் தரிப்பில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தி பிரேக் போட்டேன். அது நினைவு இருக்கிறது. பிறகு ஒருவர் கண்ணாடியில் தட்டுகிறார். என் நெற்றி ஹோர்னில் இருந்தது. ஹோர்ன் கத்திக்கொண்டிருந்தது.

நாயோடு நடந்து போன ஒரு பெண் வெளியே நின்று கண்டிருக்கிறாள். அம்புலன்ஸ்காரரிடம், என் கைகள் உதறின என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்கியது. பசி மயக்கம் என்றால் கொஞ்ச நாளில் பஸ் திரும்பக் கிடைக்கும். வலிப்பு என்றால் காருக்குச் சில மாதம், பஸ்ஸுக்குப் பல வருடம். என் வயதில் பல வருடம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். மயக்கத்திலும் கை உதறும் என்றார் ஆஸ்பத்திரி வைத்தியர். சோதனைகள் முடியட்டும், அதுவரைக்கும் எதையும் ஓட வேண்டாம் என்றார்.

இவர் எல்லோருக்கும் போன் எடுத்துப் பசி மயக்கம் என்று சொன்னார். யாரும் கேட்க முன்னமே சொன்னார்.

வீட்டில் இருக்கத் தெரியாது எனக்கு. விடிய எழும்பி யூனிபோர்ம் இருக்கிற அலுமாரியைத் திறந்து மூடுவேன். எங்கள் வீடு இருக்கிற லோறென்ஸ்கூக்கில் இருந்து பஸ் எடுத்து ஒஸ்லோவுக்குப் போவேன். அலுவல் ஒன்றும் இல்லை. முன் ஆசனத்தில் இருப்பேன். வளைவு வரும்போது என் கால் தரையில் பிரேக் போடும். பஸ் ஓடுகிற எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம். எதிரே இன்னொரு பஸ் வந்தால் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையைத் தூக்க வேண்டும். ஆளைத் தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு பஸ் மரியாதை. பயணியாக இருந்துகொண்டு நானும் கை தூக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்தது. தலைமயிரைச் சரிசெய்கிற மாதிரிக் கையை இறக்கினேன்.

அதோடு பஸ் பயணத்தை விட்டேன். பெட்டிகளைத் திறந்தேன்.

"ஓட ஏலாத காருக்கு இன்னும் வேகம் என்னத்துக்கு?" என்றார் இவர். கராஜ் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"ஓடேக்கை தேவைப்படும்."

"இப்பவே அது கத்துற கத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை ஒளிக்குது."

"அது உங்களைக் கண்டு ஒளிக்குது."

"கொஞ்ச நாள் சும்மா இருமன். ஆறுதலா இரும். ரீவி பாரும்."

"பாத்தனான்."

"என்ன பாத்தனீர்?"

"தெரியாது."

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் தோசை கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். விழுந்த நாளில் இருந்து அப்படித்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எதையாவது தின்னத் தருவார்.

இவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. தானாகக் கியர் மாறுகிற காருக்கு மட்டும். எங்கள் வீட்டுச் சின்ன மின்சாரக் காரை ஓடுவார். பெருந்தெருவில் ஏறினால் லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவார். முந்த மாட்டார். லொறியே இன்னொன்றை முந்தினாலும் இவர் முந்த மாட்டார். ஆகவே என் கார் என்னைத் தவிர வீட்டில் வேறு ஒருவருக்கும் உதவாது.

மகள் பேர்கனில் இருக்கிறாள். செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்திருந்தது. படங்கள் எனக்கு விளங்கின. விளங்காத பக்கங்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அம்மா, ஹெர்ரகூட், கடவுளே, உங்களுக்கு விசரோ? டொக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர் எல்லோ?"

"ஓட வேண்டாம் எண்டுதான் சொன்னவர். கழட்ட வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"தோசை தாறார்."

சிரித்தாள். பிறகு வாசித்துச் சொன்னாள்.

முதலில் பற்றறியைக் கழற்றினேன். பெற்றோல் குழாயின் அழுத்தத்தை இறக்கினேன். தண்ணீரை வடித்தேன். முன் பம்பரை எடுத்து அங்கே இரண்டாவது சின்ன றேடியேட்டரைப் பூட்டினேன். காற்றை இறுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க அது வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் மட்டையில் எஞ்சின் படம் கீறி அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். டிப்போவில் பழகியது.

சரியாக வேலை செய்தால் ஒரு கிழமையில் முடியும். நான் முடிக்கவில்லை. பூட்டியதைக் கழற்றித் திரும்பப் பூட்டுவேன். துடைத்ததைத் துடைப்பேன். ஆஸ்பத்திரியில் இருந்து போன் வருகிற நாளில் ஒன்றும் ஓடாது. தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். நித்திரை இல்லாமல் வா என்று சொல்லி இன்னொரு முறை எடுத்தார்கள். அதற்கு நான் கஷ்டப்படவில்லை. நித்திரை அதற்கு முன்னமே போய்விட்டது.

பனி கொட்டியது. கராஜ் கதவை மூடி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

அடுத்த வீட்டு நோர்வேஜியர் ஓய்வு எடுத்தவர். தன் கராஜில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். கோடையில் அதைக் கழுவுவார். கழுவுகிற அளவுக்கு ஓடமாட்டார். நான் என்ன செய்கிறேன் என்று அறிந்ததும் சங்கிலிக் கப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சூப்பர்சார்ஜரைத் தூக்கி எஞ்சினுக்குள் இறக்க அது வேண்டும். ஒரு ஆள் கையால் பிடிக்கிற பாரம் இல்லை.

"என்ர மனிசி எனக்கு இப்பிடி ஒண்டு வாங்க விடமாட்டா," என்றார் தன் மொழியில். "உன்ர மனிசன் எப்பிடி விட்டவர்?"

"கேக்கேல்லை."

"நானும் கேக்காமல் விட்டிருக்கலாம்," என்றார்.

இறக்குகிற நாள் ஒரு சனிக்கிழமை. பகல். வெயில் அடித்துப் பனி பளபளத்தது. பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தேன். அதைக் கழற்றினால் எஞ்சின் தலையில் எட்டு வாய்கள் திறந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிலிண்டருக்குள் போகிற வழி. தூசி விழக் கூடாது என்று ரேப் நாடா ஒட்டி வைத்திருப்போம். காற்றுக் கசியாமல் இடையில் கேஸ்கெட் வைக்கிற நேரம்தான் ரேப்பை உரிக்க வேண்டும். உரித்தேன். விளிம்பைத் துடைத்தேன். சூப்பர்சார்ஜர் மேலே சங்கிலியில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி. கராஜுக்குள் சரியாகக் கேட்காது. வெளியே போனேன்.

பதில் வந்துவிட்டது, வைத்தியர் நேரில் சொல்வார், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். போனில் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பிள்ளை. வீட்டின் பின்பக்கம் போய்ப் பனிக்குள் கனநேரம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

இவர் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். வேட்டி, மேலே குளிர் ஜாக்கெற், காலில் பனிச் சப்பாத்து. புது வாகனம் எடுத்தால் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வது எங்கள் வழக்கம். இந்தக் காரைக் கொண்டுபோக ஏலாது. ஆகவே ஐயரிடம் கேட்டுத் தட்டோடு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தொங்குகிற சூப்பர்சார்ஜருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் நெற்றியிலும் திருநீறு. அவர் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்தபடி மற்றக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார்.

நான் வாயைத் திறக்க முன்னம் இவர் இரண்டு கையாலும் அள்ளினார். மஞ்சள் பூசிய அரிசி. கலியாண வீட்டில் பொம்பிளை மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி எஞ்சினுக்கு மேலே தூவினார். மூன்று தரம். மனதாரத் தூவினார்.

அரிசி எஞ்சின் தலையில் விழுந்து துள்ளியது. உருண்டது. எட்டு வாயும் திறந்து கிடந்தன.



"என்ன?" என்றார் இவர். என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னப்பா? கொஞ்சந்தானே போட்டனான்."

"எவ்வளவு?"

"என்னெண்டு தெரியும்? அரிசியை எண்ணியே போடுறது?"

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து ஒரு வாய்க்குள் பார்த்தார். "இது அரிசியா?"

"ஓம்," என்றேன்.

"அவிக்காத அரிசியா?"

"ஓம்."

"அவிச்சிருந்தால் இன்னும் மோசம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. சூப்பர்சார்ஜரை இறக்காமல் மேசைக்கு நகர்த்தி வைத்தோம். இவருக்கு விஷயம் விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் காருக்குக் கிட்ட வந்தார்.

வீட்டில் தூசி உறிஞ்சுகிற வக்கியூமைக் கொண்டுவந்து, அதன் வாயில் மெல்லிய ரியூப் ஒன்றை ரேப்பால் சுற்றினேன். வெளியே தெரிந்த அரிசியை இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அரிசிக்குள் கல் பொறுக்கிய கை. நான் ரியூபை ஒவ்வொரு வாய்க்குள்ளும் விட்டேன். கிர்ர் என்று அரிசி ஏறுகிற சத்தம் கேட்டது. ஆனால் வாய்க்குக் கீழே வால்வு இருக்கிறது. சிலது மூடியிருக்கும், சிலது திறந்திருக்கும். திறந்ததற்குள்ளால் அரிசி நேரே சிலிண்டருக்குள் போகும். ஆகவே தீப்பொறி போடுகிற பிளக் எல்லாவற்றையும் கழற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த வயர் கமெராவைக் கொண்டுவந்தார். பென்சில் தடிப்பில் ஒரு வயர், நுனியில் வெளிச்சம், கையில் சின்னத் திரை. பிளக் துளையால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டுப் பார்த்தோம்.

வலப்பக்கம் கடைசிச் சிலிண்டரில் ஒரு அரிசி கிடந்தது. பிஸ்டனின் மேல். மஞ்சளாக, சுத்தமாக.

ரியூபை விட்டேன். அரிசி அசைந்தது. திரையில் இருந்து மறைந்தது. வக்கியூமுக்குள் ஏறியதா, ஓரத்துக்கு ஓடியதா, தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கமெராவை விட்டேன். இல்லை.

"எடுபட்டிட்டுது," என்றார் இவர்.

"கண்டனீங்களோ?"

"காணேல்லை. ஆனா எடுபட்டிருக்கும்."

வக்கியூம் பையைக் கிழித்துப் பேப்பரில் கொட்டினார். வீட்டுத் தூசி, தலைமயிர், மகளின் பழைய காதுத்தோட்டுத் திருகு ஒன்று, மஞ்சள் அரிசி. அரிசியைக் கூட்டி ஒதுக்கி என்னிடம் காட்டினார். "இஞ்சை பாரும். இதிலை ஒண்டுதான் அது."

"எது?"

விரலால் அரிசியைக் கிளறினார்.

பக்கத்து வீட்டுக்காரர் கை துடைத்தார். "ஒரு அரிசி. உள்ளுக்கை இருந்தாலும் எரிஞ்சு போகும். நான் எண்டால் ஸ்டார்ட் பண்ணுவன்."

சரியாகத்தான் சொன்னார். எரிந்துதான் போகும். ஆனால் எரிய முன்னம் வால்வின் இருக்கையில் போய் நின்று வால்வை மூட விடாவிட்டால்? பெரும்பாலும் நிற்காது. அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. எட்டு வாய்க்கும் ரேப்பை ஒட்டினேன். பிளக் துளைகளுக்குத் துணி வைத்தேன். ஸ்டார்ட் பண்ணவில்லை.

ஞாயிறும் தேடினேன். திங்களும் தேடினேன். இவர் வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல் ரோச்லைற் பிடித்தார்.  என்னைச் சாப்பிடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவர் சின்னக் காரை ஓடினார். லொறிக்குப் பின்னால்.

வைத்தியர் இளம் பெண். திரையைத் திருப்பிக் காட்டினாள். வரி வரியாக ஓடுகிற கோடுகள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அங்கே கூர் கூராக இரண்டு மூன்று முனைகள் எழும்பியிருந்தன.

"இது ஒண்டுமில்லாமலும் இருக்கலாம்," என்றாள். "சில ஆக்களுக்கு இப்பிடி இருக்கும், வாழ்நாள் முழுக்க ஒண்டும் வராது. நீங்கள் அண்டைக்கு விழுந்தது வெறும் மயக்கமாவும் இருக்கலாம். பெரும்பாலும் திரும்ப வராது."

"அப்ப பஸ்?" என்றேன்.

"கார் ஓடலாம். வசந்தம் வரட்டும், அதுவரைக்கும் ஒண்டும் வராட்டி. பஸ் இல்லை."

"நீங்கள்தானே பெரும்பாலும் வராது எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். ஆனா பின்னாலை ஆக்கள் இருப்பினம். பெரும்பாலும் எண்டு சொல்லி அவையை ஏத்த என்னாலை ஏலாது."

இவர் முன்னே குனிந்தார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், அவசரமாக, "டொக்டர், அது விரதம். நான்தான் வீட்டிலை சமைக்கேல்லை. அவ சாப்பிடேல்லை. அதை எழுதுங்கோ. என்னாலை எண்டு எழுதுங்கோ," என்றார்.

"எழுதியிருக்கு," என்றாள் அவள். குரல் மெதுவாக இருந்தது. "எல்லாம் எழுதியிருக்கு."

நான் இன்னும் கேட்க வாயெடுத்தேன். கேட்க நிறைய இருந்தது. இத்தனை வருடம் ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒரு ஆள் விழவில்லை, அதைச் சொல்ல நினைத்தேன். அப்போது சட்டைக் கையில் கிறீஸ் ஒட்டியிருப்பதைக் கண்டேன். மூன்று நாளாக ஒரு அரிசியைத் தேடுகிறேன். என் சொந்தக் காருக்குள். அதில் ஏறப்போவது நான் மட்டும்.

வாயை மூடினேன். எழும்பினேன்.

திரும்புகிற வழியில் இவர் ஒரு பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார். அங்கே நிறுத்தக் கூடாது. நான் சொல்லவில்லை.

"என்னாலை வந்ததா இருந்திருக்கலாம்," என்றார்.

"என்னது?"

"விரதத்தாலை வந்ததா இருந்திருந்தா நல்லாயிருக்கும். உமக்கு பஸ் கிடைச்சிருக்கும். நான் வாழ்நாள் முழுக்க ஏச்சு வாங்கியிருப்பன். அது பரவாயில்லை."

"ஏச்சு இப்பவும் இருக்கு," என்றேன். "அரிசிக்கு."

மூக்கை உறிஞ்சினார். பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. "எடுங்கோ," என்றேன். எடுத்தார்.

வீட்டுக்கு வந்து நேரே கராஜுக்குப் போனேன். ஜாக்கெற்றும் கழற்றவில்லை. இந்த முறை வேறு மாதிரிச் செய்தேன். எஞ்சினின் முன்னால் இருக்கிற பெரிய போல்ட்டில் றெஞ்சைப் போட்டு, கையால் எஞ்சினைக் கொஞ்சமாகத் திருப்பினேன். அந்தக் கடைசிச் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்தது. அது மேலே வந்தால் உள்ளே இடம் குறையும், ஒளிக்க ஏலாது. கமெராவை விட்டேன். ஓரத்தில், பிஸ்டனும் சுவரும் சேருகிற இடத்தில், எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மஞ்சள் போய் மண்ணிறமாகியிருந்தது. அதுதான் திரையில் பிடிபடவில்லை.

 அன்றைக்கு என் கையை நான் நம்பவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று இவரைக் கூப்பிட்டேன்.

மெல்லிய கம்பி நுனியில் கிறீஸ் பூசி இவரிடம் கொடுத்தேன். நான் திரையைப் பிடித்தேன். "வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். கீழை. நில்லுங்கோ. இப்ப தொடுங்கோ." மூச்சுவிடாமல் செய்தார். கம்பியை இழுத்தார். நுனியில் அரிசி இருந்தது.

இரண்டு பேரும் பார்த்தோம். இவர் அதைக் கைலேஞ்சியில் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. கேஸ்கெட் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சங்கிலியை இறக்க, நானும் இவரும் இரண்டு பக்கமும் பிடித்து சூப்பர்சார்ஜரை உட்கார வைத்தோம். போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக இறுக்கினேன். ஒரேயடியாக இறுக்கினால் ஒரு பக்கம் தூக்கும். பெல்ட்டைப் போட்டேன். மகள் போனில் வாசிக்க வாசிக்க, லப்டொப்பைப் பூட்டிக் காரின் மூளைக்குப் புதுக் கணக்கை ஏற்றினேன். குங்குமத்தை நான் துடைக்கவில்லை. அது இன்னும் இருக்கிறது. சூட்டில் கறுத்துவிட்டது.

ஸ்டார்ட் பண்ணியபோது இவர் காதைப் பொத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பழைய சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம். மெல்லிசாக, ஊளை மாதிரி. எங்கேயோ போக வேண்டும் என்று கேட்கிற சத்தம். கதவு திறந்திருந்தது. வெளியே வீதி கிடந்தது. நான் ஸ்விச்சை நிற்பாட்டினேன்.

பலம் கூட்டிய காரை வீதிக்கு விடுமுன் வாகனச் சோதனை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் எடுக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் வாங்க முன்னமே விசாரித்து வைத்திருந்தேன். பனி கரைந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுபோனார். நான் பக்கத்தில் இருந்தேன். என் காரை முதலில் ஓடியது அவர். நன்றாகத்தான் ஓடினார். மூன்றாம் கியருக்கு மாற்றப் பிந்தினார். நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன்.

பிறகு எனக்குக் காருக்கு அனுமதி வந்தது. அன்றைக்கு மத்தியானம் இவரைக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. ஒஸ்லோவுக்குள் இறங்கினேன். முன்னால் என் தடத்துப் பஸ் போனது. அதற்குப் பின்னால் விழுந்தேன்.

பஸ் போகிற வேகத்தில் போனேன். நின்றால் நின்றேன். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். தரிப்பில் இருந்து பஸ் வெளியே வர இண்டிக்கேற்றர் போட்டால் வழி விட வேண்டும். விட்டேன். எனக்குப் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். எஞ்சின் நடுங்கிக்கொண்டு நின்றது. எதிரே ஒரு பஸ் வந்தது. என் கை தானாக எழும்பியது. அந்த ஓட்டுநர் காரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

இவர் என் கையைப் பார்த்தார்.

"முந்துமன்," என்றார்.

இவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஏற்றம்," என்றேன். "முந்திற இடமில்லை."

பள்ளிக்கூடம் போனது. வளைவு போனது. வீடுகள் குறைந்தன. கடைசித் தரிப்பு. பஸ் இடப்பக்கம் இண்டிக்கேற்றர் போட்டு வட்டத்துக்குள் திரும்பியது. வாசலில் அந்தப் பலகை. பஸ்ஸைத் தவிர வேறு வாகனம் நுழையக் கூடாது.

வட்டத்துக்குள் பஸ் நின்றது. கதவுகள் திறந்தன. ஓட்டுநர் எழும்பி முதுகை நிமிர்த்தினார்.

அந்த வீதி அதற்குப் பிறகும் நேரே போகிறது, காட்டுக்குள்ளால். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதில் போனதில்லை. எங்கே போகிறது என்றும் தெரியாது.

"அங்காலை என்ன கிடக்கு?" என்றார் இவர்.

"தெரியாது."

நேரே அந்த வீதியில் பிடித்துக் கியரைக் குறைத்தேன். மிதித்தேன். மேலே அந்த ஊளை எழும்பியது. இவர் கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடித்தார். மெல்ல என்று சொல்லவில்லை.